'டைம்' என்ற ஒரே சொல்லுக்கு ஸ்பானிஷில் தியெம்போவா, ஓராவா, பெஸ்ஸா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஸ்பானிஷ் படித்து வருகிறேன். கடந்த சில மாதங்களாக, மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்தை நினைவூட்டும் கைபேசிச் செயலி ஒன்றை ஒரு சிறு நிறுவனத்துக்காக ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்துகளின் பெயர்களோ நோய்களின் பெயர்களோ எனக்குச் சிக்கல் தரவில்லை. அவற்றுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அகராதியில் கிடைத்துவிடுகிறது. என்னைத் திணறடிப்பது, ஆங்கிலம் படிக்காதவர்கூட நாள்தோறும் சொல்கிற 'டைம்' என்ற சொல்தான்.

ஆங்கில-ஸ்பானிஷ் அகராதியைத் திறந்தால் தியெம்போ, ஓரா, பெஸ், ராத்தோ, எபோகா, மொமென்தோ, பிளாசோ என்று வரிசையாக நிற்கின்றன. எதை எங்கே எடுப்பது என்பதற்கு அங்கே போதிய விளக்கம் இல்லை. முதலில் நிற்பது தியெம்போ என்பதால் எல்லா இடங்களிலும் அதையே போட்டேன். ஸ்பெயினிலிருந்து செயலியைச் சோதித்துப் பார்த்த பெண்மணி ஒரு திரையைப் படம் பிடித்து அனுப்பினார். மேலே மாத்திரையின் பெயர், அதன்கீழ் 'தோசிஸ்: 1', அதற்கும் கீழ் 'தியெம்போ: 8:00' என்று இருந்தது. அந்த வரியை முதலில் பார்த்தபோது செயலி வானிலையும் காட்டுகிறது என்றே தாம் நினைத்ததாக எழுதியிருந்தார். உடனே எல்லா இடங்களிலும் தியெம்போவை நீக்கிவிட்டு ஓரா என்று மாற்றினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. 'நாளுக்கு மூன்று முறை' என்று இருக்க வேண்டிய வரி 'த்ரெஸ் ஓராஸ் அல் தியா' என்று ஆயிற்று. அதாவது, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மாத்திரை சாப்பிட வேண்டும்! மருந்து தொடர்பான செயலியில் இப்படி ஒரு வரி ஒரு நாளாவது இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது குறிப்பாக இரண்டு வாக்கியங்களில் நிற்கிறேன். இரண்டும் தைராய்டு மாத்திரைக்கான குறிப்பில் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, மாத்திரையை நாள்தோறும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்பது. இரண்டாவது, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதே நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் சொற்கள் அச்சாக ஒன்றேதான். ஸ்பானிஷிலும் இரண்டுக்கும் ஒன்றையே எழுதலாமா? பொதுவாகவே, இந்தச் சொற்களுக்குள் தேர்ந்தெடுக்க ஏதேனும் வழிமுறை உண்டா?

முதல் மறுமொழி

வணக்கம். தமிழ் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஸ்பானிஷ் கற்பித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் ஆங்கிலத்தின் வழியாகப் போவதுதான் சிக்கலின் வேர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஒட்டிக் கிடப்பவற்றைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. அதுவும், வியப்பாக, பல இடங்களில் ஸ்பானிஷ் பிரித்த அதே இடத்தில் பிரித்து வைத்திருக்கிறது. எனவே ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தவுடன் அதை முதலில் நல்ல தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஸ்பானிஷுக்குப் போங்கள்.

பெஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். (தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை: இதன் முதல் எழுத்தைப் 'பஸ்' என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும். 'பல்' என்பதில் வருவது போல ஒலித்தால் அது மீனைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும்.) இது லத்தீனில் மாற்றத்தையும், ஒருவர் பின் ஒருவராக வரும் முறையையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய 'முறை' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மூன்று முறை கூப்பிட்டேன்' என்கிறோம். வரிசையில் நிற்கும்போது 'அடுத்தது என் முறை' என்றும் சொல்கிறோம். எண்ணிக்கையும் வரிசையும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது இரண்டு மொழிகளுக்கும் பொது. ஆகவே 'முதல் முறை' என்றால் ப்ரிமேரா பெஸ், 'இந்த முறை' என்றால் எஸ்தா பெஸ், 'நாளுக்கு மூன்று முறை' என்றால் த்ரெஸ் பெசெஸ் அல் தியா. தமிழில் முறை, தடவை என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு பெஸ் போடலாம்.

தியெம்போ என்பது நம்முடைய 'காலம்'. ஸ்பானிய அரசு மொழிக்கழகத்தின் அகராதி இதற்குத் தரும் முதல் விளக்கமே, மாறுதலுக்கு உட்பட்ட பொருள்கள் நீடித்திருக்கும் அளவு என்பதுதான். மழைக்காலம், வெயில்காலம் என்று நாம் பருவத்தைக் காலம் என்று சொல்வதைப் போல அவர்கள் வானிலையையே தியெம்போ என்கிறார்கள். உங்கள் திரையைப் பார்த்தவர் வானிலை என்று நினைத்ததன் காரணம் இதுவே. இலக்கணத்தில் நாம் இறந்தகாலம், எதிர்காலம் என்று சொல்வதற்கும் அவர்களிடம் தியெம்போதான். 'எங்கள் காலத்தில் இப்படி இல்லை' என்று பெரியவர்கள் சொல்வதை ஸ்பானிஷ் முதியவர்கள் 'என் மிஸ் தியெம்போஸ்' என்று தொடங்குவார்கள். பன்மை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

ஓரா என்பதைப் பற்றி என் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மலரும். எழுத்தில் முதலில் வரும் 'ஹெச்' ஒலிக்காது. லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்த சொல் இது. அதே கிரேக்கச் சொல் இன்னொரு பாதையில், சோதிட நூல்களோடு சமஸ்கிருதத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழில் ஓரை ஆயிற்று. நாள்காட்டியில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அந்த ஓரையும் ஸ்பானிஷ் ஓராவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஓரை என்பது நாளில் குறித்த ஒரு பகுதி, ஒன்றைத் தொடங்குவதற்கு உரிய வேளை. ஓராவும் அப்படித்தான். கடிகாரம் காட்டும் மணி, ஒன்றைச் செய்வதற்கு உரிய வேளை, இரண்டுக்கும் ஓரா.

பிளாசோவையும் விட்டுவிடக் கூடாது. ஒரு வேலையை முடிக்க வைக்கும் கெடுவும் பிளாசோ. கடையில் பொருள் வாங்கி மாதாமாதம் பிரித்துக் கட்டுவதும் அ பிளாசோஸ். நம்முடைய 'தவணை' இந்த இரண்டையும் அப்படியே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லாத வேறு வேறு சொற்கள். ஆங்கிலத்தின் வழியாகப் போகும் மாணவர் இதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார். தமிழின் வழியாக வருபவருக்கு அந்த உழைப்பே தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் தமிழ் உங்களுக்கு உதவாது. அது 'நேரம்' என்ற சொல். 'நேரம் என்ன?' என்றால் கெ ஓரா எஸ். 'நேரம் இல்லை' என்றால் நோ தெங்கோ தியெம்போ. இங்கே மட்டும் வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். 'எத்தனை மணிக்கு?' என்று கேட்டால் விடை வருமானால் ஓரா. 'எவ்வளவு நேரம்?' என்று கேட்டால் விடை வருமானால் தியெம்போ. உங்கள் '8:00' திரைக்கு இந்தச் சோதனையே போதும்.

இரண்டாம் மறுமொழி

ஐயா அவர்கள் சொன்ன வழி எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. பல ஆண்டுகளாக ஸ்பெயினில் வசித்துக்கொண்டு, மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். முறைக்கும் பெஸ்ஸுக்கும் உள்ள ஒற்றுமையை இங்குள்ள சந்தையில் வாரந்தோறும் காதால் கேட்கிறேன். மீன் கடையிலோ இறைச்சிக் கடையிலோ புதிதாக வந்து சேர்பவர், நிற்பவர்களைப் பார்த்து 'கியென் தா லா பெஸ்?' என்று கேட்பார். முறையைத் தருபவர் யார் என்று பொருள். கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார். அதற்குப் பிறகு வரிசையாக நிற்கக்கூட வேண்டியதில்லை, யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அகராதியில் எத்தனை விளக்கம் படித்தாலும், அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் இந்தச் சொல் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆனால் கேள்விச் சோதனையில் சில விலக்குகளைச் சேர்க்க வேண்டும். ஓரா என்பது கடிகாரத்தின் ஒரு புள்ளி மட்டும் அன்று, அறுபது நிமிட அளவும்கூட. 'எவ்வளவு நேரம்?' என்ற கேள்விக்கு 'தோஸ் ஓராஸ்', இரண்டு மணி நேரம், என்பது சரியான விடை. நண்பர் எழுதிய 'த்ரெஸ் ஓராஸ் அல் தியா' விபரீதமானது இதனால்தான். அடுத்து, 'அ தியெம்போ' என்றொரு தொடர் உண்டு. இதில் தியெம்போ இருந்தாலும் எவ்வளவு நேரம் என்ற கேள்வி இதற்குப் பொருந்தாது. காலம் கடந்துவிடுவதற்குள், தவறவிடாமல் என்பதே பொருள். ரயிலைப் பிடிக்க 'அ தியெம்போ' வந்து சேர்ந்தேன் என்பார்கள். மாத்திரையை உரிய மணிக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட 'அ சூ ஓரா', அதற்குரிய வேளையில், என்பது நெருக்கமாக இருக்கும்.

இனி அந்த இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியம் கடிகாரத்தைப் பற்றியது: இன்று காலை ஏழு மணி என்றால் நாளையும் ஏழு மணி. எனவே 'தோதோஸ் லோஸ் தியாஸ் அ லா மிஸ்மா ஓரா' என்று எழுத வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை. இரண்டு மாத்திரைகளையும் ஒருசேர விழுங்கக் கூடாது என்பதே செய்தி. அதற்கு 'அல் மிஸ்மோ தியெம்போ' அல்லது 'அ லா பெஸ்'. தமிழிலும் முதலாவது 'அதே நேரத்தில்', இரண்டாவது 'ஒன்றாகச் சேர்த்து' என்று எழுதினால்தான் இயல்பாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இரண்டையும் 'அதே நேரத்தில்' என்று எழுதியதிலேயே ஆங்கிலத்தின் நிழல் விழுந்திருக்கிறது.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். முதல் வாக்கியத்தில் 'அல் மிஸ்மோ தியெம்போ' என்று இருந்தால் படிப்பவர் எப்படியோ புரிந்துகொள்வார், ஆனால் ஒரு நொடி தயங்குவார். எதனோடு சேர்த்து என்ற கேள்வி அவருக்கு எழும். இரண்டாவதில் 'அ லா மிஸ்மா ஓரா' என்று இருந்தால் கவலைப்பட இடம் உண்டு. தைராய்டு மாத்திரையை ஏழு மணிக்கும் கால்சியத்தை எட்டு மணிக்கும் சாப்பிட்டுவிட்டு, ஒரே மணியில் சாப்பிடவில்லையே என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிடலாம். உண்மையில் லெவோதைராக்சின் என்ற அந்தத் தைராய்டு மருந்துக்கும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள்; இல்லாவிட்டால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகையால் நான் அந்த வாக்கியத்தைச் சரியான சொல்லில் எழுதியதோடு நிறுத்த மாட்டேன். நிறுவனத்திடமும் மருத்துவ ஆலோசகரிடமும் கேட்டுக்கொண்டு 'நான்கு மணி நேரம் கழித்து' என்று எண்ணையே எழுதிவிடுவேன்.

எண் என்றதும் நினைவுக்கு வருகிறது. செயலியில் 'நாளுக்கு ஒரு முறை' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் எங்காவது மொழிபெயர்க்கப்படாமல் நின்றுவிட்டதா என்று தயவுசெய்து ஒவ்வொரு திரையாகத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'வன்ஸ்' என்று படிக்கும் அந்த எழுத்துகளை, ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் 'ஓன்செ' என்று படிப்பார். ஓன்செ என்றால் பதினொன்று. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகளில், கணினி மொழிபெயர்த்து அச்சிட்ட ஸ்பானிஷ் மருந்துச் சீட்டுகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆராய்ந்த சீட்டுகளில் பாதியில் பிழைகள் இருந்தன. ஸ்பானிஷுக்கு நடுவே ஆங்கிலம் அப்படியே நின்றுவிடும் சீட்டில், ஒரு முறை சாப்பிட வேண்டிய மருந்தைப் பதினொரு முறை சாப்பிட நேரிடும் என்ற அபாயமும் அப்போது பேசப்பட்டது. சரியான தொடர் 'ஊனா பெஸ் அல் தியா'.

கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முறை, காலம், ஓரை, தவணை என்று நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். 'வன்ஸ்' என்று நின்றிருந்த ஓரிடம் உண்மையாகவே இருந்தது; உதவிப் பகுதியில், மாதிரிப் படம் ஒன்றுக்குள் எழுத்தாக இருந்ததால் மொழிபெயர்ப்புக் கோப்பில் அது வரவே இல்லை. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நம் ஊர் மருத்துவர்கள் 'மூன்று முறை' என்று சொல்வதைவிட 'மூன்று வேளை' என்றே அதிகம் சொல்கிறார்கள். வேளை என்பதற்கு ஸ்பானிஷில் இணையான சொல் உண்டா? அடுத்தது, தொழில்நுட்பச் சிக்கல். ஆங்கிலக் கோப்பில் 'டைம்' என்பது ஒரே ஒரு பதிவாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்றையே நிரலாளர்கள் மணியைக் காட்டும் திரையிலும், கடைசி மாத்திரைக்குப் பின் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் திரையிலும், எண்ணிக்கைத் திரையிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கிடைப்பதோ ஒரு கட்டம்; அதில் ஒரு சொல்லைத்தான் எழுத முடியும். ஓரா என்று எழுதினால் இரண்டாவது திரை கெடுகிறது, தியெம்போ என்று எழுதினால் முதல் திரை கெடுகிறது.

மூன்றாம் மறுமொழி

மென்பொருள்களைப் பல மொழிகளுக்கு மாற்றும் பணியில் இருக்கிறேன். இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். இதை மொழிபெயர்ப்பாளர் தீர்க்கவே முடியாது, தீர்க்க முயலவும் கூடாது. இரண்டு திரைக்கும் ஓரளவு பொருந்துகிற மழுப்பலான சொல் ஒன்றைத் தேடத் தொடங்குவோம். அது எந்தத் திரையிலும் சரியாக இராது. நிரலாளரிடம் அந்தப் பதிவை மூன்றாகப் பிரித்துத் தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள். கெட்டெக்ஸ்ட் போன்ற மென்பொருள் மொழிபெயர்ப்பு அமைப்புகளில், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு வேறு சூழலைக் குறித்துத் தனித்தனிப் பதிவாக வைப்பதற்கென்றே வசதி இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம். ஒரு சொல் இரண்டு இடத்தில் வந்தால் அதை ஒரே பதிவாக வைப்பது நிரலாளருக்குச் சிக்கனம்; ஆங்கிலத்துக்கு வெளியே அது செல்லுபடியாகாது என்பது அவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

பிரித்து வாங்கிய பிறகும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது பால். தியெம்போ ஆண்பால், ஓராவும் பெஸ்ஸும் பெண்பால். சொல்லை மாற்றினால் அதன் முன்னொட்டும் அடைமொழியும் சேர்ந்து மாற வேண்டும்: 'எல் மிஸ்மோ தியெம்போ', ஆனால் 'லா மிஸ்மா ஓரா'. நீங்கள் முன்பு செய்தது போலக் கோப்பு முழுவதும் ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றால் மாற்றினால், முன்னால் நிற்கும் சொற்கள் பழைய பாலிலேயே நின்றுவிடும். அப்படி ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பன்மை. சில நிரல்களில், ஒன்றுக்கு மேல் வந்தால் சொல்லின் இறுதியில் பன்மை எழுத்தை ஒட்டிவிடும் ஏற்பாடு இருக்கும். பெஸ் என்பதன் பன்மை பெசெஸ் என்று காதுக்கு எளிமையாகக் கேட்டாலும், எழுத்தில் இறுதி 'இசட்' நீங்கி 'சி' வந்துவிடும். ஒட்டுகிற நிரல் இதை அறியாது; பிழையான எழுத்துக்கூட்டலையே காட்டும். எனவே 'ஊனா பெஸ்', 'தோஸ் பெசெஸ்' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிப் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, துண்டுகளை ஒட்டும் பழக்கம். 'முதல்' என்பது ஒரு பதிவு, 'டைம்' என்பது இன்னொரு பதிவு, திரையில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்று வைத்திருப்பார்கள். 'ப்ரிமேரா பெஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ப்ரிமேர் தியெம்போ' என்று வந்துவிட்டால், அது கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதி. முழுத் தொடரையும் ஒரே பதிவாகக் கேட்பதுதான் ஒரே தீர்வு.

முதல் மறுமொழி எழுதியவர்

வேளை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது நம் மொழியின் அருமையான சொல். எண்ணிக்கையையும் நாளின் பொழுதையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. மூன்று வேளை என்றால் காலை, மதியம், இரவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்பானிஷில் அப்படி ஒரே சொல் எனக்குத் தெரிந்து இல்லை. உணவோடு தொடர்புடையதாக இருந்தால் 'கோன் காதா கொமீதா', ஒவ்வோர் உணவுடனும், என்று எழுதலாம். ஆனால் 'காதா' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தனியாக 'லா கொமீதா' என்றால் ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் மதிய உணவு என்றே பெரும்பாலும் கொள்வார்கள். மூன்று வேளை மாத்திரை ஒரு வேளையாகச் சுருங்கிவிடும். 'காதா ஓச்சோ ஓராஸ்', எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, என்பதையும் மூன்று வேளைக்கு ஈடாக நீங்களாக எழுதிவிடக் கூடாது. மருத்துவக் குறிப்பில் அவை இரண்டும் வேறு வேறு ஆணைகள்; எட்டு மணி நேரக் கணக்கு என்றால் சிலர் நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

நினைவூட்டல் ஒலிக்கும்போது திரையில் வரும் வரிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 'எஸ் ஓரா தெ தொமார் சூ மெதிகாமென்தோ', மருந்து சாப்பிடும் வேளை இது, என்பது சரியான வாக்கியம், அதில் குறையில்லை. 'லெ தோகா லா பாஸ்தில்லா' என்றும் சொல்லலாம். 'மாத்திரை உங்கள் முறை' என்பது போன்ற அமைப்பு இது. வீட்டில் அம்மா 'மாத்திரை போடணுமே' என்று நினைவூட்டுகிற நெருக்கம் இதில் இருக்கிறது. இங்கே தியெம்போ, ஓரா, பெஸ் என எதுவுமே இல்லை என்பதைப் பாருங்கள். அகராதியில் 'டைம்' என்ற பக்கத்தில் தேடுகிறவருக்கு இந்த வாக்கியம் கிடைக்கவே கிடைக்காது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கும் ஸ்பானிஷில் 'தார்தார்' என்ற வினைச்சொல் ஒன்றே போதும். பொழுது இன்பமாகக் கழிந்தது என்பதற்கு ஸ்பெயினில் 'பாசார்லோ பியென்', லத்தீன் அமெரிக்காவில் 'பாசார்லா பியென்'. பெருக்கல் வாய்பாட்டிலோ 'மூன்று போர் நான்கு' என்று 'போர்' வந்துவிடுகிறது.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

ஐயாவின் 'லெ தோகா' எனக்கும் பிடித்ததுதான், ஆனால் இந்தச் செயலிக்கு நான் 'எஸ் ஓரா' என்பதையே தேர்வேன். பல நாடுகளில், பல வயதினர், சில நேரங்களில் கண்ணாடி இல்லாமல் அரைத்தூக்கத்தில் படிக்கப் போகும் வரி அது. எல்லா நாட்டாருக்கும் ஒரே பொருள் தருவதும், முதல் இரண்டு சொற்களிலேயே செய்தி முடிந்துவிடுவதும் அங்கே முக்கியம். நெருக்கம் வேண்டுமென்றால் அதை வரவேற்புத் திரையில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

நிரலாளர்களிடம் பேசிவிட்டேன். பதிவைப் பிரிக்க ஒப்புக்கொண்டார்கள். அரை நாள் வேலைதான் என்றார்கள். மணி காட்டும் திரையில் 'ஓரா', இடைவெளி காட்டும் திரையில் 'தியெம்போ தெஸ்தே லா உல்தீமா தோசிஸ்', எண்ணிக்கைத் திரையில் 'பெஸ்', 'பெசெஸ்' என்று இரண்டு பதிவுகள் என இப்போது நிற்கிறது. ஒலிக்கும் வரிக்கு 'எஸ் ஓரா' என்பதையே வைத்தேன். மூன்று வேளை வருகிற இடங்களில் காலை, மதியம், இரவு என்று மூன்றையும் விரித்தே எழுதிவிட்டேன். திரையில் இடம் கொஞ்சம் நெருக்கமாகிறது, இருந்தாலும் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

தைராய்டு மாத்திரைக் குறிப்பில் முதல் வாக்கியம் 'அ லா மிஸ்மா ஓரா' என்று முடிந்துவிட்டது. இரண்டாவதில் நான்கு மணி நேரம் என்ற எண்ணைச் சேர்ப்பதற்கு மருத்துவ ஆலோசகரின் ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும் வரை அந்த வரி 'அல் மிஸ்மோ தியெம்போ' என்றே இருக்கும்.